ஜி ஃபார் கூடலூர்

யுத்த காலத்தில் கம்பம் தபால் ஆபீசில் எனக்கு வாய்த்த வேலை, கத்துவது. தந்திகளைத் தேனி ஆபீசோடு டெலிபோனில்தான் பரிமாறிக்கொள்வோம். கம்பியில் எப்போதும் இரைச்சல். இங்கிலீஷ் எழுத்தில் பாதி ஒரே சத்தமாகக் கேட்கும். அதனால் எழுத்துக்கு ஓர் ஊர் வைத்திருந்தோம். எம் ஃபார் மதுரை, பி ஃபார் போடி, டி ஃபார் தேனி. ஜி என்றால் கூடலூர். தமிழ்க் காதுக்கு அது 'கே' மாதிரிதான் இருக்கும். ஆனால் கூடலூர்ப் பலகையில் இங்கிலீஷில் ஜி போட்டு எழுதியிருந்தார்கள், நாம் என்ன செய்ய? கேட்டு எழுதுகிறவன் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

ஒருமுறை தந்தி கொடுக்க வந்த அம்மாள், நான் "போடி, போடி" என்று போனில் அலறியதைக் கேட்டு, "ஆரப் பாத்து போடிங்கிற?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் சோறு கேட்கவும் தொண்டை இருக்காது.

அந்தச் சமயத்தில் கடமலைக்குண்டில் ஆத்தா காய்ச்சலில் விழுந்தாள். இங்கிருந்து தேனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அவ்வளவுதான் தூரம். ஆனால் என் இடத்தில் உட்கார ஆளில்லை. லீவு கேட்டு மேலிடத்துக்கு எழுதிப்போட்டேன்.

பதில் ஒரு மத்தியானம் தந்தியாகத் தேனி வழியே வந்தது. தேனியில் போன் எடுப்பவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்; ஆத்தா படுத்திருக்கிற விவரமெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். அன்று கம்பி அதிசயமாகச் சுத்தமாக இருந்தது. ஆனாலும் அவர் ஒவ்வோர் எழுத்தாகவே சொன்னார்.

"லைன் நல்லாத்தான இருக்கு, வார்த்தையாவே சொல்லுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கேட்கவில்லை. 'லீவ்' என்ற சொல் முடிந்தது. அடுத்தது 'கிராண்டட்' என்றால் ஜி வர வேண்டும். பென்சிலைக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டு கூடலூருக்குக் காத்திருந்தேன்.

"என் ஃபார் நாகர்கோவில்" என்றார்.

'நாட்' தான், வேறென்ன. அதற்குப் பிறகு கூடலூரும் வந்தது, வந்து என்ன பிரயோஜனம்? சட்டப்படி முழுவதையும் நானே திருப்பிச் சொன்னேன். "டி ஃபார் தேனி" என்ற இடத்தில் மட்டும் நின்று, பிறகு தொடர்ந்தேன். நான் பஸ் மாற வேண்டிய ஊர் அது.

வழக்கமாக அவர் "ரைட்" என்று சொல்லி வைத்துவிடுவார். அன்று சொல்லவில்லை.

"இங்கன இருந்து காலைல பஸ்ஸு போகுது. ஞாயித்துக்கெழம எனக்கு வேலையில்ல. நான் போயி ஆத்தாளப் பாத்துட்டு வாரேன்" என்றார். அவர் ஏன் எழுத்தெழுத்தாகச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வார்த்தையை வாயால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் கூப்பிட்டார். ஆத்தாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லையாம். அவர் கையைப் பிடித்தவள் விடவேயில்லையாம்.

"நீங்கதேன்னு நெனச்சுக்கிட்டாக. நானும் ஆமான்னு சொல்லிப்புட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்க."

ஓர் எழுத்து மாறினாலும் அவரோடு மல்லுக்கு நிற்கிறவன் நான். அன்று ஆளே மாறியிருந்தும் திருத்தவில்லை. எனக்கு லீவு கிடைத்தது கருமாதிக்குத்தான் என்பதெல்லாம் பின்னால் நடந்த கதை. அப்போது வேலைப் பழக்கத்தில், "ஆத்தா என்ன சொன்னாக? திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

"'ஏலே, வந்துட்டியா'ன்னாக."

"ரைட்" என்றேன்.