மாட்டு நோயின் பெயர்

தொண்டை வலி என்று வருகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை. பெரும்பாலும் சளிதான், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போய்விடும். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்தான் எமனும் துண்டு போட்டு இடம்பிடித்து உட்கார்ந்திருப்பான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட சந்தேகப் புத்தி இது.

ஒரு நாள் காலை வள்ளியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். தோளில் ஆறு வயது மகள்.

"வெறும் தொண்டைக்கட்டுதாம்மா. மாத்திரை குடுத்தாப் போதும்" என்று வைத்தியத்தையும் அவரே முடித்துவிட்டார்.

"முத்தடுப்பூசி போட்டீங்களா?"

"எல்லாம் போட்டாச்சு."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. மனைவி தரையைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்நாக்கின் இரு பக்கமும் அழுக்குப் பாலாடை போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. சீழ் என்றால் துடைத்ததும் வந்துவிடும். இதைப் பஞ்சால் லேசாகத் தொட்டதுமே ரத்தம் கசிந்தது. மூச்சிலும் ஒரு சத்தம். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க முடியாது. கிருமியின் நஞ்சை முறிக்கும் மருந்து உடனே ஏற வேண்டும். நல்லவேளை, மருந்து கைவசம் இருந்தது.

"தொண்டை அடைப்பான் மாதிரி தெரியுது அண்ணாச்சி" என்றேன். டிப்தீரியாவுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அவர் முகம் கறுத்துவிட்டது. "என்னம்மா சொல்லுதீய? அது மாட்டுக்குல்லா வரும்! படிக்குத புள்ளையளுக்குக் காட்டுததுக்கு எம் மவளப் புடிச்சு வைக்கப் பாக்குதீயளோ?"

மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பஸ் ஏறினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு அடைத்துவிடலாம். எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"உங்க மாட்டுக்கு வந்திருக்கா?"

"ஒரு காளை போச்சு."

"எப்படிப் போச்சு?"

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "கழுத்து வீங்கிச்சு. கர்ரு கர்ருன்னு இழுத்துச்சு. மறுநாளே..."

"அது வேற நோய், இது வேற. பேருதான் ஒண்ணு. ஆனா இவ கழுத்தைத் தொட்டுப் பாருங்க."

மகளின் தாடைக்குக் கீழே வீங்கியிருந்த இடத்தில் விரல்களை வைத்தார். வைத்த விரல்களை எடுக்கவில்லை.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒரு ஊசிதாம்மா போட்டோம். காய்ச்சல் வந்துட்டுன்னு அதுக்கப்புறம் இவுக விடல."

அவர் உள்ளே வந்து மகளைக் கட்டிலில் கிடத்தி, அவள் கையைத் தானே பிடித்து என் பக்கம் நீட்டினார்.