தண்ணி என்று எழுதிய டின்

போன ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்து, கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியின் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கிவிட்டேன். நகை வாங்கப் போகவில்லை. நகை வாங்குகிற முகமும் எனக்கு இல்லை. வெயிலுக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான். கதவைத் தள்ளியதும் அந்த வாசனை வந்து மூக்குத்தண்டில் குத்தியது. இனிப்பு வாசனை. நல்ல வாசனை என்றுகூடச் சொல்லலாம், அதுதான் அதன் அயோக்கியத்தனம்.

"கையுறை போடாம இதத் தொடாதீங்கக்கா!" என்று கத்தினேன்.

அவர் பயப்படவில்லை. "குடுங்க சார் இப்படி. கண்ணாடி தொடைக்கிற தண்ணிதானே. இதுக்குப் போயி மேல பாயறீங்க. வீட்டுல சண்டையா?"

கடை சிரித்தது. நானும் சிரித்துவைத்துப் புட்டியைக் கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான். அந்தப் புட்டியில் இருப்பது ஏதோ சில சொட்டு. நான் அறிந்தது டிரம் டிரம்மாக. ஆனால் அவர் வாயிலிருந்து விழுந்த அந்தச் சொல், தண்ணி, தேக்கா சந்தை வரை என்னைத் துரத்திக்கொண்டு வந்து அடித்தது. அந்தச் சொல்லை நான் ஒருமுறை அழகான எழுத்தில் எழுதினேன். அதற்கான அடியை வேறொருவர் வாங்கினார். உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் மூடிவைத்துப் பார்த்தாயிற்று. ஆவியாகிற வழியாக இல்லை.

செம்பவாங் பக்கம், கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு சின்ன ஒப்பந்தக் கம்பெனி. கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவை முடித்து, பாலிடெக்னிக்கில் வேதியியலில் இரண்டு தரம் தோற்று, அங்கே ஸ்டோர் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். அந்த இடத்தில் எதுவும் மெல்ல நடக்காது. இரும்பை இரும்பு அறையும். துரு உதிர்க்கிற சுத்தியல்கள் காலையிலிருந்தே மண்டையோட்டுக்குள் வேலை பார்க்கும். வெயில் மேல்தளத் தகட்டில் விழுந்து, துள்ளி, கன்னத்தில் அறையும். மணல் பாய்ச்சுகிற குழாய் ஒரு தடவை கை நழுவிப் புரண்டு ஒருவரின் முழங்காலைத் தின்றது. மனிதர்களும் அப்படியே பேசிக்கொண்டார்கள். "டேய்" என்பது அங்கே காலை வணக்கம்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஒரு கரைப்பான் வரும். கிளைகால் ஈதர். நீல டிரம்மில் வரும்; பார்வைக்குத் தண்ணீர், தண்ணீரோடு கலந்தும் போகும். அதைப் பற்றிய பாதுகாப்புத் தாள் ஆங்கிலத்தில், ஆபீஸ் கோப்பில் இருந்தது. படித்தவன் நான் ஒருவன்தான். தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். உறை இல்லாமல் தொடாதே. மூடிய இடத்தில் மூச்சில் ஏறினால் தலை சுற்றும். நம் ஊர் மதியச் சூட்டிலேயே அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும். வேறு டப்பாவில் ஊற்றினால் டப்பாவின்மேல் பெயர் எழுது. எல்லாம் படித்து, நெஞ்சை நிமிர்த்தி, கோப்பை மூடி வைத்தேன். வெளியே கப்பலின் டெக்கில் ஆட்கள் அதில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். முழங்கைவரை அப்பிய பெயிண்ட் போக ஒரே துடைப்பு. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் கை வெளுத்து, வெடித்து, உரிந்த தகடு மாதிரி இருக்கும். மாலையில் லாரியில் ஏறும்போது எல்லோருக்கும் தலைவலி. வெயில் என்பார்கள்.

தலைவலி என்றதும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வருகின்றன. தேக்காவில் திறந்த வெளியில் எங்கள் டெக் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் போனாலே தைல வாசனை தூக்கும். நானும் போய் ஓரமாக உட்காருவேன். வேலு அண்ணன் பீர் டின்னைத் தூக்கிக் காட்டுவார். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், பத்து வருடமாக இங்கே பெயிண்டர். "வாரத்துல ஆறு நாளு அந்தத் தண்ணி, ஏழாவது நாளு இந்தத் தண்ணி. நமக்கு இந்த ஊருல தண்ணிப் பஞ்சமே இல்ல லா!" ஆம், அந்தக் கரைப்பானுக்கு அவர்கள் வைத்த பெயர் தண்ணி.

பெயர் எழுதச் சொல்கிறதே தாள், அதையாவது செய்வோம் என்று ஒருநாள் கறுப்பு மார்க்கரோடு கிளம்பினேன். பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவன். அந்தத் திமிர் எனக்கு நெடுநாள் இருந்தது. டெக்குக்குப் போகிற டின்களில் 'கரைப்பான்' என்று, கொம்பை நன்றாகச் சுழித்து எழுதினேன்.

வேலு அண்ணன்தான் முதலில் பார்த்தார். "என்ன தம்பி, கரப்பானா? பூச்சி மருந்தா இது?"

"கரைப்பான்ணே. கரைக்கிறது."

"அழுக்கக் கரைக்குமா, ஆளக் கரைக்குமா?"

டெக் அதிர்ந்தது. அன்று முழுக்க நான் கரப்பான். "கரப்பான் வருது, செருப்ப எடு!" என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் வந்தது. ஸ்டோருக்கு ஓடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ரோஷத்தோடு கொட்டை எழுத்தில் எழுதினேன்: தண்ணி.

"இப்பத்தான் தமிழு" என்று வேலு அண்ணன் என் முதுகில் ஓர் அறை வைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு நாள். சகாயம் என்ற புது ஆள் எங்களிடம் வந்து மூன்றாவது நாள் அது. வேறு பட்டறையிலிருந்து மாற்றி அனுப்பியிருந்தார்கள். அதிகம் பேசாதவர். எங்கள் அகராதி அவருக்குத் தெரியாது. மறுநாள் கப்பல் புறப்பட வேண்டும் என்பதால் எல்லா வேலையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி மிதித்துக்கொண்டு நடந்தது. வேலு அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு கம்பியை வாயுவால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. "பாஸ், மேல கட்டிங்..." என்று இழுத்தேன். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "டென் மினிட்ஸ் ஒன்லி லா." நானும் தலையாட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

பொறி மழையாகக் கொட்டியது. வேலு அண்ணனின் கையில் ஊறிய துணி. முழங்கைவரை ஊறிய சட்டை. அந்த வெயிலில் தீ முதலில் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எறும்பு கடித்தவர்போல் கையை உதறினார். பிறகு அலறினார். சட்டைக்கை கறுத்துச் சுருண்டது. தன்னைத்தானே அறைந்துகொண்டு சுழன்றார்.

"தண்ணி ஊத்து! தண்ணி ஊத்துங்கடா!"

கத்தியது நான். எனக்குப் பின்னால் இரண்டடியில் சிவப்புத் தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவேண்டிய கை காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எல்லோரும் பின்வாங்கினார்கள். ஓடியவர் சகாயம் மட்டும். காலடியில் டின். டின்னில் எழுத்து. படித்தார். தூக்கினார். ஊற்றினார்.

கனத்த துணியை ஒரே இழுப்பில் கிழித்த சத்தம் அது, நண்பரே. தீ தோளேறி, கழுத்தேறி, காதைக் கவ்வியது. சகாயத்தின் புருவங்களும் போயின. அதற்குப் பிறகுதான் நாலு பேர் தார்ப்பாயை எறிந்து வேலு அண்ணனை உருட்டினார்கள். கருகிய வாசனையை நான் எழுதப்போவதில்லை. அதற்கடியில் அந்த இனிப்பு அப்படியே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆம்புலன்ஸுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் கூட்டம் சகாயத்தின்மேல் பாய்ந்தது. முதல் அடி முகத்தில், அடுத்தது வயிற்றில். கீழே விழுந்தவரைச் சுத்தியல் பிடியால் அடித்தார்கள். "எரியிற ஆளு மேல தின்னரையா ஊத்துற, நாயே!"

"தண்ணின்னு எழுதியிருந்துச்சுண்ணே! தண்ணின்னுதாண்ணே எழுதியிருந்துச்சு!" ஒவ்வோர் அடிக்கும் அதையே சொன்னார். அந்தப் பெயரை வைத்தவர்களே அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை பேருடைய முதுகும் என் பக்கம் இருந்தது. உருண்டு கிடந்த டின்னை எடுத்தேன். அடியில் மிச்சமிருந்ததில் ஒரு கந்தலை நனைத்து, என் எழுத்தைத் துடைத்தேன். அந்தத் திரவம் மார்க்கர் மையை எப்படித் தின்னும் என்பது ஸ்டோர்க்காரனுக்குத் தெரியாதா? உறை போடவில்லை. விரல்நுனிகள் ஜில்லென்றன. முதலில் ணி போயிற்று, பிறகு ண், பிறகு த. அன்று டெக்குக்கு வந்தது இந்த ஒரு டின்தான்; மற்றவை ஸ்டோரில் என் பூட்டுக்குள் இருந்தன.

சேஃப்டி ஆபீசர் வந்தார். உதடு கிழிந்த சகாயம் டின்னைக் காட்டினார். ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து எதுவும் இல்லை. சகாயம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே டின்ல எழுதுறவரு. சொல்லுங்க தம்பி. எழுதியிருந்துச்சுல்ல?"

"இதுல நான் எழுதல" என்றேன்.

சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். ஒருவர் விடாமல் தெரியும். தரையைப் பார்த்தார்கள். அவர்களுடைய வேலை அனுமதி கம்பெனியின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு என்ன தொங்கியது? இந்த ஊரில் பிறந்தவன். வேலை போனால் அம்மா வீட்டில் சோறு இருந்தது. மிஞ்சிப்போனால் இன்னொரு கம்பெனியில் இன்னொரு ஸ்டோர். அவ்வளவுக்காகத்தான். அந்த வாரக் கடைசியில் சகாயத்தை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். என்னைப் போன்றவர்கள் ஆரஞ்சோடுதான் போவார்கள். வேலு அண்ணனுக்குக் கழுத்தெல்லாம் கட்டு. காது இருக்கவேண்டிய பக்கம் தட்டையாக இருந்தது.

"சகாயத்த அனுப்பிட்டாங்களாமே."

"ஆமாண்ணே. அவருதானே ஊத்துனாரு."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். திரும்புவதே அவருக்கு வலி. "அவனாச்சும் ஓடியாந்தான் லா. நீங்க எங்க தம்பி நின்னுக்கிட்டிருந்தீங்க?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு அவர் எழுந்து என்னை அடித்திருக்கலாம்.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள், காலையில் நாயோடு நடப்பவர்கள், சறுக்குமரங்கள். நீல டிரம்மில் வந்த சரக்கு போய் வேறு கலவைகள் வந்துவிட்டன. வேலு அண்ணன் ஊரோடு போய்விட்டார். என்னிடம் இருந்த எண் அடிப்பதே இல்லை. சகாயத்தின் ஊர் எதுவென்று நான் கேட்டதே இல்லை. தேடுவதற்கு என்னிடம் இருப்பது ஒரு பெயர், அதுவும் பாதிப் பெயராக இருக்கலாம். அந்த டின் பழைய இரும்போடு என்றோ உருகியிருக்கும். துருவும் பெயிண்டும் கைரேகையும் அப்பிக்கிடந்த அந்த அழுக்கு டின்னில், நான் துடைத்த இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று இருந்தது. ஆபீசர் அதை அத்தனை தடவை திருப்பினார். இங்கே மட்டும் எப்படி இவ்வளவு சுத்தம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.