எந்தத் தெரு என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் மூணாறில் இருந்தேன். குளிருக்காகப் போகவில்லை, யானை பார்க்கவும் போகவில்லை. என் அண்ணன் மகள் ஜெயா அங்கே ஒரு ரிசார்ட்டில், ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கத்தான் போனேன். "பதினோரு மணிக்கு பிரேக் விடுவாங்க அத்தை, அதுவரைக்கும் லாபியில உக்காந்திருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

அந்த சோபாவில் உட்கார்ந்த முக்கால் மணி நேரத்தில்தான் இந்த வாரப் பத்தி கிடைத்தது. கூடவே கொஞ்சம் ரத்தக் கொதிப்பும்.

அந்த ரிசார்ட்டில் ஒரு வழக்கம். வேலை பார்க்கிற எல்லோரும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். மேலே பெயர், கீழே சொந்த ஊர். கெஸ்ட்டுகள் பேச்சுக் கொடுக்க வசதியாக இருக்குமாம். மேனேஜரின் பேட்ஜில் 'கொச்சி'. சமையல்காரர் பேட்ஜில் 'கோட்டயம்'. ஜெயாவின் பேட்ஜில் 'சங்கரன்கோவில்'.

எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இந்தப் பத்திக்குக் கீழே, என் பெயரோடு இத்தனை வருஷமாக வருகிற ஊரும் அதுதானே. கவனித்திருப்பீர்கள்.

பத்தரை மணி இருக்கும். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி தோட்டத்திலிருந்து திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் முதுகில் மூங்கில் கூடை, தலையில் ஒரு துணிக்கட்டு. கொழுந்து பறிக்கிற பெண் மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ள ரிசார்ட்டே அதையெல்லாம் கொடுக்கிறது. நிஜத்தில் இப்போது யார் கூடை வைத்திருக்கிறார்கள்? கத்தரியும் சாக்கும்தான். ஜெயாவின் அம்மா, அதாவது என் மதினி, அதே நேரத்தில் எதிர்மலையில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்கு நடுவில் நின்றிருப்பாள். அவளை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ரூம் சாவி வாங்க வந்த அந்த மனிதர் ஜெயாவின் பேட்ஜைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சங்கரன்கோவிலா? அட, நம்ம ஊருப் பொண்ணு. நானும் சங்கரன்கோவில்தாம்மா. மெட்ராஸ் வந்து முப்பது வருஷம் ஆச்சு. நீ எந்தத் தெரு?"

"கோயில் பக்கம் சார்."

"கோயில் பக்கம்னா? அங்க எல்லாமே கோயில் பக்கம்தான். எந்தத் தெருன்னு சொல்லு."

எந்தத் தெரு... இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விலாசம் எழுதிக்கொள்வதற்காக யாரும் அதைக் கேட்பதில்லை. தெருவைச் சொன்னால் மற்றதெல்லாம் சொன்ன மாதிரி. இவரிடம் எவ்வளவு சிரிக்கலாம், 'நீ'யா 'நீங்க'ளா என்பதெல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் முடிவாகும்.

ஜெயா உண்மையைச் சொல்லிவிட்டாள். "சரியாத் தெரியாது சார். எங்க தாத்தாவோட அப்பா அங்கருந்து வந்தாங்களாம். நாங்க இங்கதான். சிட்டுமலை எஸ்டேட்."

"ஓ... எஸ்டேட் ஆளுங்களா." குரலில் இருந்த உறவு அப்படியே வடிந்துவிட்டது. "கொழுந்து பறிக்க வந்தவங்க. அப்புறம் எதுக்கும்மா எங்க ஊர்ப் பேரைக் குத்திக்கிட்டு நிக்கிற?"

அந்த அம்மாள் சமாதானம் செய்தார். கூடை இன்னும் முதுகில்தான் இருந்தது. "விடுங்க, பாவம். நல்ல ஊர் பேரு போட்டாத்தான் மதிப்பாங்கன்னு போட்டிருப்பா."

அவர் விடவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனார். உங்கள் ஸ்டாஃப் பொய்யான ஊரைப் போட்டுக்கொண்டு கெஸ்ட்டை ஏமாற்றுகிறார்கள் என்று புகார்.

இவ்வளவும் நடக்கும்போது நான் என்ன செய்தேன்? வாராவாரம் இந்தப் பக்கத்தில் வாய் கிழியப் பேசுகிற நான்? கையில் இருந்த பேப்பரைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். 'நீங்க எந்தத் தெரும்மா?' என்று அடுத்து என்னைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஜெயா பொய் சொல்லவில்லை. அதை நான் உங்களுக்கு விளக்கியாக வேண்டும்.

எஸ்டேட்டில் 'சொந்த ஊர் எது' என்று கேட்டால், நாங்கள் பிறந்த இடத்தைச் சொல்ல மாட்டோம். மலை இறங்கி, போடி தாண்டி, எப்போதோ எங்கள் ஆட்கள் விட்டுவந்த ஊரைச் சொல்லுவோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊர் ராஜபாளையம். எதிர் வீட்டு மேரியக்காவுக்கு நாசரேத். மேரியக்கா நாசரேத்தை மொத்தம் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போய் வாந்தி எடுத்த ஞாபகத்தோடு. ஆனாலும் ஃபாரத்தில் அதுதான் ஊர். அப்பா அப்படி எழுதினார், நான் அப்படி எழுதினேன், ஜெயாவும் வேலைக்கான விண்ணப்பத்தில் அப்படியே எழுதினாள். ரிசார்ட்டில் அதைப் பார்த்து பேட்ஜ் அடித்துவிட்டார்கள்.

ஏன் இந்தப் பழக்கம்? காரணம் இருக்கிறது. எஸ்டேட்டில் வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளை லயம் என்போம். ரிட்டயர்மென்ட் வந்தால் லயத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டும். காலி செய்கிறவனுக்குப் போவதற்கு ஓர் ஊர் வேண்டாமா? அதனால், எங்களுக்கும் ஓர் ஊர் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே வந்தோம்.

அந்த ஊர் எங்களை எப்படி வைத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? சின்ன வயதில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு சங்கரன்கோவில் போனால், சொந்தக்காரர்களே வாசலில் நின்று "மலையாளத்துக்காரங்க வந்தாச்சு" என்பார்கள். எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால், வாயைத் திறந்ததுமே "தமிழ்நாட்டில் எவிடெயா?" என்பார்கள், எந்த ஊர் என்று. சென்னையில் இன்றைக்கும் என்னிடம் "கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. நன்றி சொல்லிவிட்டு வருவேன். வேறென்ன செய்ய?

கதைக்கு வருகிறேன். மேனேஜர் ஜெயாவைக் கூப்பிட்டு, நாலு மணிக்குள் 'விசதீகரணம்' வேண்டும் என்றார். அதாவது விளக்கக் கடிதம். விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தது ஏன்?

சாதாரண விஷயம் இல்லை. ஜெயாவுக்கு ஆறு மாத புரொபேஷன் அந்த வாரத்தோடு முடிகிறது. அண்ணன் இல்லை, இறந்துவிட்டார். மதினிக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். ஜெயாவின் வேலை நிரந்தரமானால் மூணாறு டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கலாம். ஆகாவிட்டால் தாயும் மகளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது?

கேண்டீனில் உட்கார்ந்து நானே கடிதத்தை எழுதினேன். எழுத்துதானே என் பிழைப்பு. பணிவாக, குழைவாக, ஒரு பக்கம். ஜெயா அதை நிதானமாகப் படித்தாள்.

"அத்தை, இதுல நான் மூணு தடவ மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

"கேட்டா என்னட்டி? வேலைதான முக்கியம்."

"முக்கியந்தான். யாருகிட்ட மன்னிப்புக் கேக்கேன்? அந்த ஊர்க்காரருகிட்டயா?"

"ஆமான்னே வச்சுக்க."

"அடுத்த வருசம் அம்மா வீட்டக் காலி பண்ணும்போது நாங்க எங்க போவோம், சொல்லுங்க. சங்கரன்கோவில்ல எந்தத் தெருவுல போயி எறங்குவோம்?"

ஜெயா நான் எழுதியதை நாலாக மடித்து என் கைப்பையிலேயே திருப்பி வைத்தாள். பிறகு அவளே எழுதினாள். ஆங்கிலத்தில், நாலே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'சொந்த ஊர் சங்கரன்கோவில் என்று எழுதியது என் தவறு. அங்கே எனக்குத் தெரு கிடையாது. என் ஊர் சிட்டுமலை எஸ்டேட், மூன்றாவது டிவிஷன். பேட்ஜை மாற்றித் தர வேண்டுகிறேன்.'

மன்னிப்பு என்ற வார்த்தையே இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். இருந்தாலும் அவளோடு மேனேஜர் அறைக்குப் போனேன். இந்தத் தடவை முகத்தை மறைக்கக் கையில் பேப்பர் கொண்டுபோகவில்லை.

மேனேஜர் நாற்பது வயதுக்காரர். இஸ்திரி கலையாத மனிதர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மலையாளத்தில் நீளமாகப் பேசினார். தவறை ஒப்புக்கொண்டது சரி. ஆனால் எஸ்டேட், டிவிஷன் என்றெல்லாம் பேட்ஜில் போடுவது ரிசார்ட்டுக்கு அழகில்லை. வேண்டுமானால் 'மூணாறு' என்று போட்டுக்கொள். சிட்டுமலை என்றால் யாருக்குத் தெரியும்? எங்கே இருக்கிறது என்று கெஸ்ட் கேட்டால் என்ன சொல்லுவாய்?

"சொல்ல வேணாம் சார்" என்றாள் ஜெயா. "ஜன்னல் வழியாக் காட்டுவேன்."

அவர் முதுகுக்குப் பின்னால்தான் ஜன்னல். எதிர்மலை முழுக்கத் தெரிந்தது. தேயிலைக்கு நடுவில் தகரக் கூரைகள் வரிசை வரிசையாக. தினமும் அதற்கு முதுகைக் காட்டி உட்காருகிற மனிதர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு வாய் திரும்ப வந்தது. "சார், உங்க பேட்ஜ்ல கொச்சின்னு இருக்கே. கொச்சியில எந்தத் தெரு?"

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு பேசினார் — அதுவரை ஒரு வார்த்தை தமிழ் பேசாதவர்.

"கொச்சி இல்லீங்க. நமக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமுங்க, பாலக்காட்டுக்குக் கெழக்கால. ஊட்ல எல்லாரும் தமிழ்தானுங்க. கொச்சின்னு போட்டாத்தான் ஹெட் ஆபீஸ்ல ஒரு மனுசனா மதிக்கறாங்க, என்ன பண்றதுங்க?"

இத்தனை வருஷம் நானும் அதைத்தானே பண்ணினேன். ஜெயா மட்டும் "பேட்ஜ் எப்ப சார் வரும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது, 'சிட்டுமலை எஸ்டேட்' என்று. அந்தத் தம்பதி ரூமைக் காலி செய்ய வந்தபோது கவுன்ட்டரில் ஜெயாதான் இருந்திருக்கிறாள். அவர் பேட்ஜைப் படித்தாராம். சாவியை வாங்கிக்கொண்டு இவள் கேட்டாளாம்: "எங்க ஊர் எப்படி சார் இருந்துச்சு? பிடிச்சிருந்துச்சா?"

"குளிர் ஜாஸ்தி" என்றாராம்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. உத்தரவு வந்த அன்றைக்கு மதினி போனில் அழுதாள், அழுதுகொண்டே என்னையும் கொஞ்சம் திட்டினாள். மகள் அப்படிக் கடிதம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேனாம். மேனேஜர் பேட்ஜில் இன்னும் கொச்சிதான். அவருக்கு அவர் நேரம் வரட்டும், நான் அவசரப்படுத்துவதாக இல்லை.

நகரத்துக்காரர்களின் அலட்டல் எனக்குப் பழகிப்போனதுதான். அதற்குப் பயந்து இல்லாத தெருவில் குடியிருந்தேன் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நாலு தலைமுறையாக அந்த மலையில் நடந்து நடந்தே பாதை போட்டிருக்கிறோம். அங்கே எங்கள் பெயரில் பட்டா இல்லை, அது உண்மை. அதற்காக ஊர் எங்களுடையது இல்லை என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது. எங்கள் தேயிலையைக் குடித்துக்கொண்டே சொல்லக் கொஞ்சம்கூடக் கிடையாது.

ஆசிரியருக்கு போன் செய்து, பெயருக்குக் கீழே வருகிற ஊரை மாற்றச் சொன்னேன். "எஸ்டேட் பேரெல்லாம் வாசகர்களுக்குப் புரியுமா மேடம்?" என்றார். புரியாதவர்கள் கேட்கட்டும் என்றேன். ஆக, சங்கரன்கோவிலுக்கு ஒரு கும்பிடு. இந்த வாரத்திலிருந்து நான் சிட்டுமலை எஸ்டேட், மூணாவது டிவிஷன்.

எந்தத் தெரு என்று கேட்பவர்களுக்கு — பத்தாம் நம்பர் லயம், கடைசி வீடு.