எட்டும் நாலும் பன்னிரண்டு

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, என் மனைவி செல்வி பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியை முறைத்தாள்.

உண்மையில் முறைக்கவில்லை. முறைத்ததாகத் தெரிந்தது. எல்லாம் லேப்டாப் செய்த வேலை.

செல்வி சனிக்கிழமைகளில் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கிறாள். தோ பாயோவில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் வகுப்பறை. எட்டுப் பிள்ளைகள். எல்லாரும் தொடக்கநிலை ஆறு, அதாவது ஆறாம் வகுப்பு. வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைக் காட்டி, பார்த்ததைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் அல்லவா? அதற்கான பயிற்சி.

அந்த எட்டுப் பேரில் நிவேதா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஊரின் மேற்குக் கோடியில், பூன் லேயில் வீடு. எழுதச் சொன்னால் எழுதித் தள்ளிவிடுவாள். பேசச் சொன்னால்... வாயே திறக்காது. வீட்டில் ஆங்கிலம், தோழிகளோடு ஆங்கிலம், பூனையோடுகூட ஆங்கிலம். தமிழில் பேசினால் தப்பாகிவிடுமோ என்ற பயம். இரண்டு மாதமாகச் செல்வி அவளை மெதுவாகத் தாஜா செய்துகொண்டிருந்தாள். அன்றுதான் முதல் முறையாக அந்தப் பெண் தானாகவே கையைத் தூக்கியது.

ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட ஆகியிருக்காது. லேப்டாப் உறைந்துவிட்டது.

சும்மா உறைந்தாலும் பரவாயில்லை. செல்வி தும்மலை அடக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உறைந்தது! புருவம் நெரிந்து, ஒரு கண் பாதி மூடி, உதட்டைக் கடித்தபடி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நிவேதா மீதியைச் சொல்லி முடித்திருக்கிறாள். லேப்டாப்புக்கு உயிர் வந்ததும் செல்வி, “சாரிமா, கேக்கல. மறுபடி சொல்லு” என்றாள். பாவம், மறுபடியும் சொன்னாள். மறுபடியும் உறைந்தது. இந்த முறை திரும்பி வந்தபோது நிவேதாவின் கேமரா அணைந்திருந்தது.

சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தார்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அவ இனிமே கிளாஸ்ல பேச மாட்டேங்குறா. டீச்சர் கோவமா பாத்தாங்க, சொன்னதையே திருப்பிச் சொல்ல வெச்சாங்க, என் தமிழ் ரொம்ப மோசம்னு அழுறா. நான் எவ்ளோ எடுத்துச் சொல்லியும் கேக்க மாட்டேங்குறா லா. அடுத்த சனிக்கிழமை ஒரு தடவ வரட்டும். சரிப்படலேன்னா நிறுத்திடலாம். இன்னும் மூணு வாரத்துல ஓரல் வேற...”

செல்வி போனை வைத்தாள். பிறகு, “நான் பிள்ளைய முறைச்சேனாம்ங்க” என்றாள். அவ்வளவுதான். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசே கேட்கவில்லை.

நான் இருக்கும்போது என்ன கவலை? எங்கள் ஆபீசில் பிரிண்டர் மக்கர் செய்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (இரண்டாவதாக ரிப்பேர்காரரைக் கூப்பிடுவார்கள் என்பதை இங்கே பெரிதுபடுத்த வேண்டாம்.) லேப்டாப்பைத் திறந்து மெமரி எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தேன். தொண்ணூற்றாறு சதவீதம்! நோய் தெரிந்துவிட்டது. மருந்து ரேம்.

இருப்பது எட்டு ஜிபி. எட்டு என்றால் நாலும் நாலும். ஆகவே உள்ளே இரண்டு ஸ்லாட் இருக்கும். இரண்டையும் கழற்றிவிட்டு இரண்டு எட்டு போட்டால் பதினாறு. இதை எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வாசலில் வரிசை. ரேம் இரட்டையாக வாங்கினால் தள்ளுபடியாம். இந்த ஊரில் வரிசையைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக யாரால் முடிகிறது? எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு ஜோடி எடுத்தார். தீர்ந்துவிடப் போகிறதே என்று நானும் பாய்ந்து ஒரு ஜோடியை அள்ளினேன்.

“நம்ம லேப்டாப்புல ரெண்டு போட எடம் இருக்கா?” என்று செல்வி வாசலிலேயே கேட்டாள்.

“எல்லா லேப்டாப்புலயும் இருக்கும்.”

“தொறந்து பாத்துட்டு வாங்கியிருக்கலாமே?”

“தீந்து போயிருக்கும், செல்வி.”

இட்லித் தட்டு ஒன்றை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஸ்குரு உருண்டு ஓடாமல் இருக்கவாம். நல்ல யோசனை. பதினோரு ஸ்குருக்களையும் கழற்றிய வரிசைப்படி குழிகளில் போட்டுவிட்டு அடிமூடியை நெம்பினேன்.

ஒரே ஒரு ஸ்லாட்.

இன்னொன்று எங்கே? பேட்டரிக்குப் பக்கத்தில் தேடினேன். காற்றாடிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். இருந்தால்தானே கிடைக்கும்! மூடியைப் பழையபடி பூட்டினேன். இட்லித் தட்டில் ஒரு ஸ்குரு மிச்சம் இருந்தது. இதற்கு மேல் வீரம் வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் லிட்டில் இந்தியா. பூக்கடைகளைத் தாண்டி ஒரு சந்தில், மாடிப்படி ஏறினால் ஷமீமாவின் கடை. அவருடைய அத்தா அதே இடத்தில் முன்பு போன் கார்டு விற்றவர். இப்போது ஷமீமா லேப்டாப்பும் போனும் ரிப்பேர் செய்கிறார். நாற்பது வயதிருக்கும். பேச்சும் வேகம், கையும் வேகம்.

திறந்தார். ஒரு பார்வைதான்.

“அண்ணே, நாலு ஜிபி போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கு. கம்பெனிலயே ஒட்டி அனுப்பிட்டாங்க. இன்னொரு நாலுதான் இந்த ஸ்லாட்டுல இருக்கு. அதக் கழட்டிட்டு எட்டு போடலாம்.”

“அந்த ஒட்டுனதையும் எடுத்துட்டு...”

“உங்க வீட்ல பாம் ஷெல்டர் இருக்கா?” குண்டு விழுந்தால் பதுங்குவதற்காக இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குள் கட்டித் தரும் கனத்த கான்கிரீட் அறையைச் சொன்னார்.

“இருக்கு. ஸ்டோர் ரூமா வெச்சிருக்கோம்.”

“எடம் பத்தலன்னு அந்தச் சுவத்த இடிப்பீங்களா?”

“ஐயோ, அதுல ஆணி அடிக்கவே யோசிக்கணும்.”

“இதுவும் அப்படித்தான் அண்ணே. ஒட்டுன நாலு, போடுற எட்டு. பன்னெண்டு. இந்த மாடலுக்கு அவ்ளோதான்.”

“பதினாறு ஜிபி ஒண்ணா வாங்கி அதே ஸ்லாட்டுல போட்டா?”

“போடலாம். ஆனா இது ஆன் ஆகாது. எட்டுக்கு மேல ஏத்துக்காதுன்னு இதோட மேனுவல்லயே இருக்கு. படிக்கலையா?”

மேனுவலா? எட்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்தது. எந்த மூலையில் இருக்கிறதோ!

பழைய நாலைக் கழற்றி, புது எட்டைச் சாய்வாக நுழைத்து அழுத்தினார். ‘க்ளிக்’. அரை நிமிஷ வேலை. மிச்சமிருந்த இன்னொரு எட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “இத நான் எடுத்துக்குறேன். வேற கஸ்டமருக்கு ஆகும். கூலி வேணாம், சரியா?” என்றார். சரி என்பதைத் தவிர வேறு சொல்ல எனக்கு ஏது வாய்?

அத்தோடு விட்டிருக்கலாம். பிரௌசரைத் திறந்து பார்த்தார். ஷமீமாவின் கண்கள் விரிந்தன.

“யாருண்ணே இவ்ளோ டேப் தொறந்து வெச்சிருக்கறது?”

அவர் எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தேழு. வார நாட்களில் அதே லேப்டாப்பில்தான் நான் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுகிறேன். எதையும் மூடுவது என் பழக்கத்தில் இல்லை. முதுகுவலிக்கான பயிற்சி, வாங்காத ஏர் ஃப்ரையர், இரண்டு வருஷம் முன்பு ரத்தான ஒரு விமானப் பயணத்தின் விலைப்பட்டியல்... எல்லாம் என்றைக்காவது படிப்பேன் என்று வைத்திருந்தவை. நான் லேப்டாப்பை மூடினாலும் அவை மூடுவதில்லை. சனிக்கிழமை செல்வி திறக்கும்போது அத்தனையும் அவளோடு சேர்ந்து வகுப்பில் உட்காரும்.

“எடம் பத்தலேன்னா இது முடியாதுன்னு சொல்லாதுண்ணே. கொஞ்சத்த டிஸ்க்குல தள்ளும், அப்புறம் தேடி எடுக்கும், திரும்பத் தள்ளும். அதான் அப்படியே நின்னுடுது. எவ்ளோ ரேம் போட்டாலும் நீங்க இப்படி அடைச்சா பத்தாது.”

ஆக, நிவேதாவை முறைத்தது செல்வியும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. நான்தான்! உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அங்கேயே, கடை முக்காலியில் உட்கார்ந்தபடி, நாற்பத்தேழையும் மூடினேன். ஏர் ஃப்ரையரை மூடும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். சிரித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் லேப்டாப்பை நான் தொடவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. நிவேதாவும் வந்தாள். கேமரா மட்டும் அணைந்தே இருந்தது. செல்வி முதலில் பிள்ளைகளிடம் போன வாரத்துத் தும்மல் கதையைச் சொல்லி, அந்த முகத்தைத் தானே மறுபடி செய்து காட்டினாள். திரையில் தெரிந்த ஏழு பேரும் சிரித்தார்கள். பத்து நிமிஷம் கழித்து நிவேதாவின் கேமரா உயிர் பெற்றது.

நான் சமையலறையில் வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். நிவேதாவின் முறை வந்தது. சன்னமான குரல்.

“இந்தக் காணொளியில்... ஒரு தாத்தா பஸ்ஸில் ஏறுகிறார். அந்தத் தாத்தா... அந்தத் தாத்தாவுக்கு...”

நின்றுவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று... சத்தமே இல்லை. ஐந்து, ஆறு... போச்சு! பன்னிரண்டு ஜிபியும் போச்சு! கத்தியைப் போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினேன். திரையில் நிவேதா ஆடாமல் அசையாமல் இருந்தாள். செல்வியும் ஆடாமல் அசையாமல் இருந்தாள். கேமராவில் விழாமல் குனிந்து, வெங்காயக் கையோடு கீபோர்டை நோக்கிப் போனேன்.

செல்வி மேசைக்கு அடியில் கையை நீட்டி என்னைத் தடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முகம் திரையைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது.

“...அந்தத் தாத்தாவுக்கு உட்கார இடம் இல்லை. எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்க வருத்தமாக இருந்தது, டீச்சர். நானாக இருந்தால் எழுந்து இடம் கொடுப்பேன்.”

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

வகுப்பு முடிந்ததும் செல்வி காப்பியோடு வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“எதுக்கு அப்படி ஓடி வந்தீங்க?”

“லேப்டாப் நின்னுடுச்சுன்னு நெனச்சேன்.”

“இல்லீங்க. அவ வார்த்தையத் தேடிக்கிட்டிருந்தா. நான் காத்துக்கிட்டிருந்தேன்.” ஒரு வாய் காப்பி குடித்தாள். “நீங்க எப்பவுமே இப்படித்தான். யாராவது ரெண்டு செகண்ட் பேசலேன்னா உடனே ரிப்பேர் பண்ண வந்துடுறது. நான் பேசும்போதுகூட.”

சுருக்கென்றது. நாக்கு நுனி வரை வந்த வாதத்தை விழுங்கிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் பார்த்தேன்.

“என்னங்க, ஹேங் ஆயிட்டீங்களா?” என்றாள்.