டிரெஸ் என்ற சொல்லும் டிரெஸ்ஸர் ஸ்கந்தராஜாவும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து வந்த கடிதத்தில் மாமியார் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். மருமகனுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் உத்தியோகம் என்று எழுதியிருந்தாயே, டிரெஸ் என்றால் உடுப்பு என்று இங்கே பள்ளிக்கூட வாத்தியார் சொல்கிறார், அப்படியானால் மருமகன் அங்கே துரைமாருக்கு உடுப்பு மாட்டிவிடுகிறாரா?

மனைவி செல்லாச்சி அதை உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்கந்தராஜாவுக்குச் சுருக்கென்றது.

"இஞ்சாருங்கோ, அம்மாவுக்கு என்னெண்டு எழுத? துரைக்குக் கால்சட்டை போட்டுவிடுறதில்லை எண்டு எழுதவோ?"

"நீ ஒண்டும் எழுதவேண்டாம். நான் எழுதுறன்."

இது 1926இல். மலாயாவில் சிலிம் ரிவருக்கு உள்ளே ஏழு மைல் தள்ளி இருந்தது மூங்கிலாற்று ரப்பர்த் தோட்டம். துத்தநாகக் கூரை போட்ட இரண்டு அறைகளும் எட்டுக் கட்டில்களும்தான் ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதிலிருந்து பிரசவம் பார்ப்பதுவரை எல்லாம் ஸ்கந்தராஜாவின் தலையில்தான். தோட்டத்துச் சனங்கள் அவரை 'தெரசரய்யா' என்று அழைத்தார்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை. மாமியார் கேட்டுவிட்டார், அதுதான் வினை.

ஈப்போவில் பயிற்சியில் இருந்தபோது, ஊர் திரும்பிய பாதிரியார் ஒருவர் விட்டுப்போன தலையணைக் கனமான அகராதி அவரிடம் இருந்தது. அன்று மாலையே அதை எடுத்து மேசையில் போட்டார். ஒரு வரியில் முடியும் என்று நினைத்தவருக்கு முக்கால் பக்கம் காத்திருந்தது. உடுப்பு என்பது உண்மைதான். ஆனால் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் டிரெஸ். கோழியை உரித்துச் சுத்தம் செய்வது டிரெஸ். கல்லைக் கொத்திச் சமன் செய்வது, தோலைப் பதனிடுவது, தலைமயிரை வாரி முடிவது, நிலத்துக்கு எரு இடுவது, பட்டாளத்தை வரிசையில் நிறுத்துவது, கப்பலுக்குக் கொடி கட்டுவது, எல்லாமே டிரெஸ். துரை பங்களாவில் பீங்கான் அடுக்கிவைக்கும் அலமாரிக்கு டிரெஸ்ஸர் என்றே பெயர். அதை மட்டும் மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப அலமாரிக்கும் உங்களுக்கும் ஒரே உத்தியோகம்," என்றாள் செல்லாச்சி. "இந்தக் கோழியையும் டிரெஸ் பண்ணித் தந்தால் எனக்கு அரைவாசி வேலை மிச்சம்."

ஒரே சொல் எப்படி இத்தனை வேலை பார்க்கிறது? மூன்று மாலைகள் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். விடை பத்தியின் கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லாம். அதற்கும் முன்னால் லத்தீன். அங்கே அதன் பொருள் நேராக்குதல். கோணலாய், தாறுமாறாய்க் கிடப்பதை ஒழுங்குக்குக் கொண்டுவருதல். உடுப்பு என்ற பொருள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்து ஒட்டிக்கொண்டதாம். ஸ்கந்தராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் நான் நேராக்குபவன்! மாமியாருக்கு நாலு பக்கத்தில் பதில் எழுதினார். அந்த அம்மாள் கேட்டது ஒரு வரி.

இங்கேதான் மனுஷனுக்குச் சறுக்கியது என்று சொல்வேன். அவர் போடும் கட்டு முன்பே பெயர் பெற்றது. ஒரு சுற்றின் மேல் மறு சுற்று பாதி ஏறி, ஒரு சுருக்கம் இல்லாமல், முடிச்சு கண்ணில் படாமல் இருக்கும். லத்தீன் தெரிந்தபிறகு அது இன்னும் நேராகிவிட்டது. வியாழக்கிழமை பிற்பகலில் எல்லாக் கட்டையும் அவிழ்த்துப் புதிதாகப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். மறுநாள் டாக்டர் வந்து, பட்டாளத்தைப் பார்வையிடுவதுபோல் கட்டில் வரிசையில் நடந்து, "வெரி குட், டிரெஸ்ஸர்" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்தக் கட்டையும் அவர் அவிழ்த்துப் பார்த்ததில்லை. அந்த மூன்று வார்த்தைக்காக ஸ்கந்தராஜா வாரம் முழுவதும் காத்திருந்தார். எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரியில் வேறு யார் அவரைப் பாராட்டப்போகிறார்கள்?

அப்படி ஒரு வியாழக்கிழமை, கட்டெல்லாம் போட்டு முடித்துக் கைகழுவும் நேரத்தில் இருளாயி வந்தாள். பால்மரம் வெட்டுகிறவள். புருஷன் மலேரியாவில் போய் இரண்டு வருஷம், லயத்து வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். கத்தி வழுக்கி வலது கட்டைவிரலின் அடியில் ஆழமாக இறங்கியிருந்தது. காலையில் பட்ட காயம். ஆனால் சொட்டு ரத்தம் இல்லை.

காரணம் அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மரம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கை வெட்டுப்பட்டால் மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலிருந்து பச்சைப் பாலை விரலால் தொட்டுக் காயத்தின்மேல் பூசிவிடுவார்கள். சற்று நேரத்தில் அது தோல்போல் இறுகி ரத்தத்தை அடைத்துவிடும். ஈயும் உட்காராது, வேலையும் நிற்காது. அடியில் அழுக்கு அடைபட்டுச் சீழ் வைக்கும் என்று காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அவர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மரத்தடிக்குப் போய்ப் பாலைப் பூசுவார்கள்.

வெந்நீரில் ஊறவைத்து அந்தப் பால்தோலை உரிக்கவேண்டும். அரைமணி நேரமாவது ஆகும். உரித்தால் ரத்தம் வரும். ரத்தம் வந்தால் நாளைக் காலை வெள்ளைக் கட்டின்மேல் சிவப்பாய்த் தெரியும். ஸ்கந்தராஜா அதன் மேலேயே அயோடினைத் தடவினார்.

"எரியவே இல்லையே சாமி," என்றாள் இருளாயி ஆச்சரியமாக.

எரியாததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். மருந்து காயத்தைத் தொடவே இல்லை. "நல்லதுதானே" என்று சொல்லிக் கட்டைப் போட்டார். அன்று போட்டதிலேயே அழகான கட்டு அதுதான். மறுநாள் டாக்டர் அதைத் தனியாக நின்று பார்த்து "வெரி குட்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காணி பத்துமலை அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார். காய்ச்சல் கொதித்தது. கட்டுக்கு மேலே கை பூசணியாய் வீங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. கட்டு மட்டும் அப்படியே, குலையாமல் இருந்தது. அதை அவிழ்க்கும்போது ஸ்கந்தராஜாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. நேராக்குகிறவனாம்! கோணலை மூடி மேலே வெள்ளைத் துணி சுற்றியவன் அவர். மாமியார் சொன்னதுதான் சரி, காயத்துக்கு உடுப்புப் போட்டுவிட்டிருக்கிறார்.

டாக்டர் பினாங்குக்குப் போயிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுநாள்தான் ரயில். அதற்குள் அந்தக் கோடு தோளைத் தொட்டுவிடும். டிரெஸ்ஸர்கள் கத்தி வைக்கக்கூடாது என்பது விதி. கங்காணியைத் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்து, பால்தோலை உரித்து, ஸ்கந்தராஜா கீறினார். இருளாயி போட்ட சத்தம் லயம்வரை கேட்டது. அன்று முழுவதும் மணிக்கொருதரம் கழுவிக் கழுவித் துணி மாற்றினார். அந்தத் துணிகள் கோணல்மாணலாகத்தான் இருந்தன, அவர் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கோடு இறங்கியது. வியாழனன்று காய்ச்சல் விட்டது. அன்று வேறு எந்தக் கட்டையும் அவர் புதிதாகப் போடவில்லை.

கை பிழைத்தது. ஆனால் அதோடு முடியவில்லை. வியாழன் மாலை கங்காணி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

"தொரை கேட்டாருங்க. கை எப்படி இப்புடி ஆச்சுன்னு நாளைக்கு டாக்டரு எழுதிக் குடுக்கணுமாம். அவ கவனக்கொறைவுன்னு எழுதிட்டா பேரை வெட்டிருவாரு. நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏத்திருவாங்க. அங்க யாரு இருக்கா அவளுக்கு? பிச்சைதான்."

கட்டிலில் கிடந்த இருளாயி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். கீறலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தாளை எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு மோசமாகும்வரை இவள் என்ன செய்தாள்? கேள்," என்றார் ஆங்கிலத்தில்.

ஸ்கந்தராஜா கேட்டார். இருளாயி எழுந்து உட்கார்ந்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தவள்போல் நிறுத்தாமல் சொன்னாள்.

"எல்லாம் என் தப்புதான் சாமி. நான்தான் பாலைப் பூசுனேன். தெரசரய்யா பெரட்டுல எத்தினி தடவை சொல்லியிருக்காரு, நான்தான் கேக்கலை. அவரு மேல ஒரு குத்தமும் இல்லை. அவரு கத்தி வைக்கலேன்னா நான் செத்தே போயிருப்பேன். இதை அப்புடியே டாக்டருகிட்டச் சொல்லுங்க சாமி. என் பேரை வெட்டுனா வெட்டட்டும், உங்களுக்கு ஒண்ணும் வரக்கூடாது."

டாக்டருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. இருளாயிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான். 

"வெட்டுப்பட்ட அன்றே வந்துவிட்டேன் என்கிறாள்," என்றார் ஸ்கந்தராஜா. "காயத்தின்மேல் பால் காய்ந்திருந்ததை டிரெஸ்ஸர் பார்த்தாராம். உரிக்காமல் அதன் மேலேயே கட்டிவிட்டாராம். மறுநாள் நீங்கள் பார்வையிட வருவீர்கள் என்பதற்காக."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அவள் சொல்வது உண்மையா?"

"உண்மை, சார்."

"கத்தி வைத்தது?"

"அதுவும் நான்தான், சார்."

டாக்டர் நெடுநேரம் எழுதினார். எழுந்து போகும்போது, மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார், கத்தாமல், வருத்தமாகத்தான் சொன்னார். ஸ்கந்தராஜா "யெஸ் சார்" என்றார்.

மோட்டார் வண்டியின் சத்தம் ஓயும்வரை இருளாயி பொறுத்திருந்தாள்.

"என்னா சாமி சொன்னாரு?"

"கட்டைவிரல் கொஞ்சம் விறைப்பாய் இருக்குமாம். கத்தி பிடிக்கலாமாம்."

"பேரை வெட்டலையா?"

"வெட்டயில்லை."

 அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்களை ஒண்ணும் சொல்லலையே? நான் சொன்னதை அப்புடியே சொன்னீங்கதானே?"

"சொன்னனான்," என்றார் ஸ்கந்தராஜா.

தெரசரய்யாவின் உத்தியோகத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்ட நிம்மதியில், அவள் நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பெரட்டுக்கு வரலாமா என்று கேட்டாள்.