ராகி மாவு குடித்த கார்

வாடகைக் கார் நின்றுபோவதுகூடப் பெரிதில்லை, நாலு பேர் பார்க்கும் இடத்தில் நிற்கக் கூடாது. பழைய காரைக் கட்டி மேய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓசூரில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடுகளையும் வண்டியையும் பக்கத்துத் தெரு நஞ்சப்பாவிடம் விற்றுவிட்டு, பெங்களூரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்தபின் காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுக் காத்திருந்தேன். வண்டி ஓடுமா என்று அவர் வீட்டுச் சமையல்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கோழியைக் கேளுங்க சாமி, எங்களைவிட அதுதான் உள்ளே அதிகம் உக்காந்திருக்கு."

மிச்சம்

இஞ்சினைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினேன். ஒரு நட்டு மிஞ்சியது. மனசு கேட்கவில்லை. மறுபடி பிரித்துப் பூட்டினேன். இரண்டு மிஞ்சின. வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நாலு தடவை பிரிங்க, இன்னொரு காருக்கே ஆகும்."

கூழ்

ஜவளகிரிப் பண்ணைக்காரர் மகளுக்கு ஓசூரில் கல்யாணம். பெண்ணை முகூர்த்தத்துக்கு முன் கொண்டுவந்து சேர்த்தால், அடுத்த இரண்டு மகள்கள் கல்யாணத்துக்கும் என் கார்தான் என்று பேச்சு. கல்யாணத்துக்கு முதல் நாள் ரேடியேட்டர் ஒழுகியது. ஒரு பிடி ராகி மாவு போட்டால் ஊறி ஓட்டையை அடைத்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காத நான் ஒரு படி போட்டேன்.

மறுநாள் பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஓசூருக்கு முந்தைய மேட்டில் ரேடியேட்டர் மூடி எகிறியது. முன்கண்ணாடி முழுக்கக் கூழ். உள்ளே பட்டுப்புடவையில் மணப்பெண். எனக்குத் தலை நிமிரவில்லை. பண்ணைக்காரர் இறங்கி, ஒரு விரலால் வழித்து மோந்து பார்த்தார்.

"உப்பு போட மறந்துட்டியேப்பா."

கயிறு

சந்தைக்குப் போகும் வழியில் நஞ்சப்பா என்னிடம் வாங்கிய மாட்டுவண்டியில் வந்தான். நான் கூப்பிட்ட குரல் கேட்டதும் மாடுகள் இரண்டும் வண்டியோடு என் பக்கம் திரும்பின. நான் வேறு பக்கம் பார்த்தேன். வண்டியின் பின்னால் காரைக் கயிற்றால் கட்டினோம்.

"வித்த மாட்டுக்கே வாடகை கொடுக்கப்போறே, போய் ஸ்டீயரிங்கைப் பிடிண்ணா."

மணப்பெண் முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தாள், பண்ணைக்காரரும் பேச்சு மாறாமல் அடுத்த இரண்டு கல்யாணத்துக்கும் அங்கேயே வண்டி பேசிவிட்டார், நஞ்சப்பாவிடம்.