மழைத் தண்ணீர்ப் பானை

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பும் நுரைக்காது. திருத்தணி மலைமேல் முருகன் இருந்தும், மலையடியில் எங்களுக்கு வாய்த்தது உப்புத் தண்ணீர்தான். அதனால் தறிக்கான நூலை அலசுவதற்கென்றே எங்கள் நைனா மழைத் தண்ணீரைப் பிடித்து ஒரு பெரிய பானையில் மூடி வைத்திருப்பார். பிள்ளைகள் அதைத் தொட்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும்.

அக்காவைக் கட்டிய பாவா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒரு வருஷமாகியும் அவருக்குத் தறி பிடிபடவில்லை. நைனா திட்டமாட்டார். சாப்பிடும்போது, "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடு, களைச்சிப் போய்கீறாரு" என்பார். அதற்குத் திட்டே தேவலாம். பாவா தேங்காயெண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் காய்ச்சிச் சோப்புக் கட்டினார். சாயம் போடுமுன் நூல் அலச அது சரிப்பட்டால், தெருவுக்கே அவர் சோப்பை வாங்கச் சொல்லிவிடுவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார்.

சோதனைக்கு முந்தின நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தச் சோப்பில் ஒரு துண்டை எடுத்து மழைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். நுரை பொங்கி வழிந்தது. ஆசை தீரக் குளித்து முடித்தபோது பானை காலி. கிணற்றில் இறைத்து, பழைய அளவுக்கு நிரப்பி மூடிவைத்தேன். குறைந்ததும் தண்ணீர், ஊற்றியதும் தண்ணீர். அதோடு விஷயம் முடிந்ததென்று நினைத்தேன்.

மறுநாள் அந்தத் தண்ணீரில் சோப்பைக் கரைத்ததும் பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது. அது நூலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள, சாயம் திட்டுத் திட்டாக ஏறியது. சோப்பு ஒரு நுனியால் எண்ணெயையும் மறு நுனியால் தண்ணீரையும் பிடிக்கும் என்பதும், தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் அதோடு சேர்ந்து திரிந்துபோகும் என்பதும் நான் கல்லூரியில் படித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. மழைத் தண்ணீரில் கோளாறு இருக்கும் என்று நைனா ஏன் நினைக்கப் போகிறார்?

"இன்னா மாப்ள, எண்ணெய் வேகவே இல்லியே?" என்றார்.

பாவா பானையில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, பட்டு மாதிரிப் பறந்துகொண்டிருந்த என் தலைமயிரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆங், வேகலதான் மாமா" என்றார்.

அந்த வாரமே அக்காவை அழைத்துக்கொண்டு அரக்கோணத்துக்கு வேலை தேடிப் போய்விட்டார். புறப்படும்போது என் தலையைத் தடவி, மிச்சமிருந்த சோப்பையெல்லாம் என்னிடம் கொடுத்தார். ஒழுங்காக வேகாத சோப்பை எனக்கு எதற்குக் கொடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.